சயரோகமும் பரம்பரையும்

(மன்ற ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சமயப் பணிக்கென அமைந்த மன்றத்தின் மேடையிலே நோயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் நமது வீடுகளிலே, அதுவும் கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளிலே, தாழ்ந்த குரலில் அடிக்கடி பேசப்படுவதுதான். "அந்தக் குடியிலே சயரோகம் இருக்கிறதாம்" என்ற ஒரு வசனம் போதும். மூன்று மாதமாக நடந்த சம்பந்தப் பேச்சு ஒரே மாலையில் நின்றுவிடும்.

இந்நோய் குடும்பத்தோடு வருவது, இரத்தத்தில் ஊறியது என்று நம் முன்னோர் நம்பினார்கள். நமது நாட்டார் மட்டுமல்லர், ஐரோப்பியரும் நெடுங்காலம் அப்படியே நம்பினார்கள். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்னும் வைத்தியர், காசநோயை உண்டாக்குவது ஒரு கிருமி என்று நிலைநாட்டினார். அன்றோடு பரம்பரைக் கதை முடிந்துவிட்டது என்றே படித்தவர்கள் கருதினார்கள். இப்பொழுதோ அதே விஞ்ஞானம், கிருமிதான் காரணம், ஆயினும் பரம்பரைக்கும் அதிலே ஒரு பங்குண்டு என்று சொல்கிறது. அப்படியானால் நமது பாட்டிமார் சொன்னதுதான் சரியோ? இந்தக் கேள்விக்கு, படித்தறிந்த அளவில் விடை கூற முயல்கிறேன்.

முதலிலே ஒரு துயரச் செய்தி. ஜேர்மனியில் லூபெக் என்றொரு நகரம். 1930ஆம் ஆண்டளவில் அங்கே 250க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தடுப்பு மருந்தை வாய்வழியாகக் கொடுத்தார்கள். அந்த மருந்திலே, ஆய்வுகூடத்தில் நேர்ந்த தவறினால், உண்மையான காசநோய்க் கிருமி கலந்திருந்தது. 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. கேட்கவே நெஞ்சம் பதறுகிறது. ஆனால் எஞ்சிய குழந்தைகள்? அவர்களிற் பெரும்பாலோர் நோயுற்றும் தேறிவிட்டார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை என்பது உண்மையே. எனினும், ஒரே கிருமி எல்லா உடலிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதை அந்தப் பேரிழப்பு உலகத்துக்குக் காட்டிற்று.

இன்றும் அதே புதிர்தான். உலக மக்களில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினரின் உடலில் இந்தக் கிருமி ஒரு காலத்திலே புகுந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புகுந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் வாழ்நாளில் என்றாவது நோயாளர் ஆகின்றனர். மற்றவர் உடலிலே கிருமி அடங்கிக் கிடக்கும், அல்லது அழிந்துவிடும். அந்தப் பத்துப் பேர் யார்? ஏன் அவர்கள்? நியூயோர்க் மாநிலத்தில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். ஒரே முட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது, சாதாரண இரட்டையரிலும் பார்க்க அதிகமாயிருந்தது. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தாய். ஆனாலும் வேறுபாடு இருந்தது. எனவே உடலின் அமைப்பிலே ஏதோ ஒன்று உண்டு என்று தெரிந்தது.

அந்த "ஏதோ ஒன்றை" விளக்க, கிருமி நுரையீரலுக்குள் புகும்போது நடப்பதைச் சொல்ல வேண்டும். கலைச்சொற்கள் சில வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரைதீவிற் பிறந்து, மிஷன் பாடசாலைகளிற் படித்து, விஞ்ஞானப் பட்டமும் பெற்று, பின்னர் துறவு பூண்ட நமது விபுலாநந்த அடிகள் தமிழிலே விஞ்ஞானக் கலைச்சொல் ஆக்கும் பணியிலும் உழைத்தவர். அவர் பிறந்த மண்ணிலே இச்சொற்களுக்கு நாம் கூசவேண்டியதில்லை.

நுரையீரலில் காவல் புரியும் கலங்கள் சில உண்டு. அந்நியப் பொருள் எது வந்தாலும் விழுங்கிவிடுவதால் அவற்றைப் பெருந்தின்கலங்கள் எனலாம். காசநோய்க் கிருமியையும் அவை விழுங்குகின்றன. ஆனால் இந்தக் கிருமி சாதாரணக் கிருமியல்ல. விழுங்கிய கலத்தின் வயிற்றுக்குள்ளேயே, செரிமானம் நடவாதபடி தடுத்து, குடித்தனம் நடத்தத் தெரிந்த கிருமி. கள்ளனைப் பிடித்து அடைத்த சிறைச்சாலையே கள்ளனுக்கு வீடாகிவிட்டது போல.

இந்த நிலையிலே உதவிக்கு வருபவைதாம் ரீ-கலங்கள். நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமசு என்ற சுரப்பியிலே பயிற்சி பெறுவதால் அச்சுரப்பியின் ஆங்கில முதலெழுத்தால் இப்பெயர் பெற்றன. ரீ-கலம் வந்து, "இந்தக் கலத்துக்குள்ளே கள்ளன் இருக்கிறான்" என்று கண்டுகொண்டால், இன்ரபெரோன் காமா என்னும் ஒரு பொருளைச் சுரக்கும். அது பட்டவுடன் பெருந்தின்கலம் புதிய பலம் பெற்றுக் கிருமியைத் தாக்குகிறது. இந்த உதவி எவ்வளவு முக்கியமென்பதை எச்.ஐ.வி. நோய் காட்டிவிட்டது. அந்நோயில் உதவி செய்யும் ரீ-கலங்கள் குறையக் குறைய, அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்குகிறது.

ஆனால் ரீ-கலத்துக்கு ஒரு குறையுண்டு. முழுக் கிருமியையும் காண அதற்குத் தெரியாது. பெருந்தின்கலம் கிருமியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பதினைந்து அமினோவமிலம் அளவுள்ள சிறு துண்டு ஒன்றை ஒரு தாங்கியில் வைத்து, தன் வெளிப்புறத்திலே தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பின்புதான் ரீ-கலம் விழித்துக்கொள்ளும். அந்தத் தாங்கிகளுக்குத்தான் எச்.எல்.ஏ. புரதங்கள் என்று பெயர். பிரான்சு நாட்டு ஜோன் டோசே என்பவர் 1958இல் இவற்றுள் முதலாவதைக் கண்டறிந்தார். இவ்வகைத் தாங்கி இல்லாமல் ரீ-கலம் எதையும் அறியாது என்பதை அவுஸ்திரேலியாவின் கன்பெரா நகரில் டோகர்ட்டி, சிங்கர்நாகல் என்ற இருவர் 1974இல் எலிகளைக் கொண்டு நிறுவினர். 1996இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

இந்தத் தாங்கிகள் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அங்கேதான் பரம்பரை நுழைகிறது. நமது வாவியிலே வலை வீசுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். இறாலுக்கு ஒரு வலை, திரளிக்கு வேறு வலை. கண் பெரிய வலையிலே இறால் தங்காது. எச்.எல்.ஏ. தாங்கிகளும் அப்படித்தான். ஒருவருடைய தாங்கியிலே கிருமியின் ஒரு துண்டு நன்றாகத் தங்கும். மற்றவருடைய தாங்கியிலே அது வழுக்கிப் போகும், வேறொரு துண்டுதான் தங்கும். மனிதனுடைய பரம்பரையலகுகள் எல்லாவற்றிலும் அதிக வகை கொண்டவை இவைதாம். ஆயிரக் கணக்கான வகைகளை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதனிடம் இருப்பவை தாய் வழியில் ஆறும் தந்தை வழியில் ஆறுமாக ஏறக்குறையப் பன்னிரண்டு முக்கிய தாங்கிகளே. ஆகவே எந்த ஒருவரிடமும் எல்லா மீனுக்கும் வலை இல்லை. ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலோ எல்லா வலையும் உண்டு. எந்த ஒரு கிருமியாலும் ஓர் ஊரை முற்றாக அழிக்க முடியாமற் போவதற்கு இது ஒரு காரணம். நான் படித்த மிஷன் பாடசாலையிலே உயிரியல் கற்பித்த சுவாமி, இதைச் சொல்லும்போது மட்டும் கரும்பலகையை விட்டுவிட்டு யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

இங்கே நமது பகுதிப் பெரியோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மட்டக்களப்பிலே குடி தாய் வழியாக வருகிறது. வயிற்றுவார் பார்த்தே உரிமை சொல்லுகிறோம். கோயில் வண்ணக்கர் உரிமையும் பல இடங்களில் அவ்வாறே. எச்.எல்.ஏ. பரம்பரையலகுகளுக்கு இந்த முறை தெரியாது. அவை ஆறாம் நிறமூர்த்தத்திலே ஒரு கட்டாக அமைந்திருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு கட்டு, தந்தையிடமிருந்து ஒரு கட்டு. தாயிடம் இருக்கும் இரண்டு கட்டுகளில் எது வரும் என்பதும் பூவா தலையா போட்டது போலத்தான். கூடப்பிறந்த இருவரை எடுத்தால், இரண்டு கட்டும் ஒத்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் ஒத்திருக்க நாலில் இரண்டு. ஒன்றுமே ஒத்திராமலிருக்க நாலில் ஒன்று. ஒரே வயிற்றிற் பிறந்த அக்காளும் தம்பியும் இந்த விடயத்திலே முழு அந்நியராயிருத்தல் கூடும். அப்படியிருக்க, "அந்தக் குடியின் நோய்" என்ற பேச்சுக்கு விஞ்ஞானத்திலே இடமெங்கே?

இந்தக் கட்டுகளைக் கொண்டே இந்தியாவில் ஆராய்ச்சி செய்தார்கள். புதுதில்லியிலே, ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் காசநோயுற்ற குடும்பங்களை ஆராய்ந்து 1983இல் ஓர் அறிக்கை வெளியானது. நோயுற்ற பிள்ளைகள் பெற்றோரின் ஒரே கட்டைப் பெற்றிருப்பது, தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவிலும் அதிகமாக இருந்தது. டி.ஆர்.2 என்ற வகை அவர்களிடம் கூடுதலாகத் தென்பட்டது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பிச்சப்பன் முதலியோர் தென்னிந்திய நோயாளரை ஆராய்ந்து, அங்கும் டி.ஆர்.2 வகைக்கும் நுரையீரற் காசநோய்க்கும் தொடர்பிருப்பதாக 1991இல் எழுதினர். 1999இல் இன்னும் நுணுக்கமான முறையிலே பார்த்தபோது, அந்த டி.ஆர்.2 இனத்துள்ளும் 1501 என்று இலக்கமிட்ட உட்பிரிவே முன்னின்றது. நமக்கு மொழியாலும் உறவாலும் அடுத்துள்ள மக்களிடையே கண்ட முடிபு ஆதலால் இது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஆனால் எல்லா நாட்டிலும் இதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாட்டில் ஒரு வகை, மற்ற நாட்டில் வேறு வகை.

தொடர்பு உண்டென்று காட்டுவது ஒன்று; அது எப்படி என்று காட்டுவது வேறு. இரண்டாவதை ஓரளவுக்குச் செய்தது கம்போடிய நாட்டு ஆராய்ச்சி. அங்கே 1998இல், எச்.எல்.ஏ. டி.கியூ. என்ற தாங்கியின் ஒரு வகை நோயாளரிடம் அதிகமாயிருப்பதைக் கண்டனர். 2006இல் அந்தத் தாங்கியின் 57ஆம் இடத்தை உற்றுப் பார்த்தார்கள். அந்த ஓரிடத்திலே அஸ்பார்ட்டிக் அமிலம் இருந்தால், காசநோய்க் கிருமியின் ஈசாற்-6 என்ற புரதத்தின் ஒரு துண்டு தாங்கியிற் சரியாகப் பற்றுவதில்லை. பற்றாதபோது ரீ-கலம் சுரக்கும் இன்ரபெரோன் காமாவும் குறைகிறது. ஒரு தாங்கியிலே ஒரேயொரு அமினோவமிலத்தின் வேற்றுமை! வலையிலே ஒரு கண் சற்று அகன்றதால் மீன் நழுவிய கதை இதுதான்.

தாங்கி நன்றாகப் பற்றினால் மட்டும் போதும், நோய் வராது என்று எண்ணிவிடக் கூடாது. 2010இல் ஆராய்ச்சிக் குழுவொன்று, உலகின் பல பாகங்களிலிருந்தும் பெற்ற 21 கிருமி வகைகளின் பரம்பரையலகுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான கிருமிகள், ரீ-கலம் அடையாளம் காணும் துண்டுகளை அடிக்கடி மாற்றி வேடம் போடும். காசநோய்க் கிருமியோ அந்தத் துண்டுகளைத்தான் மிகக் குறைவாக மாற்றியிருந்தது! தன்னை அடையாளம் காணட்டும் என்று கிருமியே காத்திருப்பது போன்ற தோற்றம். ஏன்? ரீ-கலங்களின் தாக்குதல் மிஞ்சும்போது நுரையீரலின் தசையும் சேர்ந்து அழிந்து பொந்து விழுகிறது; பொந்து விழுந்தால் இருமல்; இருமலோடு கிருமி அடுத்த மனிதனிடம் போகிறது. நம்முடைய காவலையே தன் ஓடமாக்கிக் கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எனக்கு இது இந்தப் பொருளிலேயே மிக வியப்பான பகுதியாகத் தோன்றுகிறது.

ரீ-கலத்தின் வேலையால் ஒரே கிருமி இரு வேறு உருவெடுப்பதற்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நமது வாவியின் நடுவிலே தொழுநோய் வைத்தியசாலை அமைந்த மாந்தீவு இருக்கிறது. தொழுநோய்க் கிருமி காசநோய்க் கிருமிக்குத் தம்பி முறை. ரீ-கலங்கள் வலுவாகப் போரிடும் உடலிலே இரண்டொரு தேமல் மட்டும் தோன்றி, கிருமியைக் காண்பதே அரிதாயிருக்கும். போரிடாத உடலிலே கிருமி கோடிக்கணக்கிற் பெருகும். அங்கும் எச்.எல்.ஏ. வகைகளுக்குத் தொடர்புண்டு என்று இந்தியாவிலும் சீனாவிலும் கண்டிருக்கிறார்கள். அந்த நோயாளரைத் தோணியேற்றித் தீவுக்கு அனுப்பிய காலத்திலே, அவர்களுடைய உடலுக்குள் நடந்த இந்தப் போரை யாரும் அறிந்திருக்கவில்லை. பாவம் என்றார்கள்; சாபம் என்றார்கள்.

மிஷன் பாடசாலை வேத வகுப்பிலே பிறவிக் குருடன் ஒருவனுடைய கதை சொல்வார்கள். இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டுமல்ல என்று யேசு விடையளித்ததாக அக்கதை. வீட்டுக்கு வந்தால் முன்வினை என்பார்கள். ஆனால் நமது சமயத்தின் விடை அவ்வளவோடு நின்றுவிடுகிறதா? திருக்கொடிமாடச்செங்குன்றூரிலே தம் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, ஞானசம்பந்தப் பெருமான் வினை என்று கைகட்டியிருந்தாரா? திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி அந்நோய் தீர்த்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. வினை உண்டு என்ற நம்பிக்கை, முயற்சி வேண்டாம் என்ற சோம்பலாக மாறுவதற்கு நமது சமயம் இடம் தரவில்லை. பரம்பரையலகு என்ற புதுச் சொல்லைக் கேட்டு, பழைய தலைவிதிக்கு அதை மறுபெயராக்கி விடுவோமோ என்பதே என் அச்சம்.

ஏனெனில், பரம்பரையின் பங்கு உண்மை, ஆனால் சிறிது. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. நீரிழிவு நமது ஊர்களிலே எவ்வளவு பெருகிவிட்டதென்று நான் சொல்லவேண்டியதில்லை. புகை பிடித்தலும் மதுவும் அப்படியே. பசியோ எல்லாவற்றிலும் பெரியது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்திலே நோயாளருடைய வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் விற்றமின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிபு வெளியாயிற்று. கூடுதல் உணவு பெற்ற வீடுகளிலே புதிதாக நோய் கண்டது 39 வீதம் குறைந்தது. அந்த வீடுகளில் யாருடைய எச்.எல்.ஏ. வகையும் மாறவில்லை; சோறுதான் மாறியது.

சென்னையின் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் நிலையத்தின் கதையும் இதற்கு இணையானது. (2011 முதல் அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுகிறது.) அக்காலத்தில் நோயாளரைச் சானற்றோரியத்தில் வைத்தே வைத்தியம் பார்க்க வேண்டுமென்பது விதி. அந்நிலையத்தார் ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானற்றோரியத்திலும் மறு பிரிவினரை அவர்களுடைய நெருக்கமான வீடுகளிலுமே வைத்து மருந்து கொடுத்தனர். 1959இல் வெளியான விடை உலகத்தையே மாற்றிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவு நன்றாகவே குணமடைந்தனர். ஐந்தாண்டு பார்த்தும், அவர்களுடைய வீட்டாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. மருந்து உட்கொள்ளும் நோயாளியை வீட்டை விட்டு ஒதுக்குவதற்கு அன்றோடு நியாயம் போய்விட்டது. நமது சில வீடுகளில் தனிக் கோப்பையும் தனிப் பாயும் இன்னும் போகவில்லை.

என் தாயாரின் உறவிலே ஒருவர். பெயர் வேண்டாம். அவருக்குக் காசநோய் என்று கண்டு மாத்திரை கொடுத்தார்கள். வீட்டிலே மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகும் வீட்டிலே மாத்திரைப் பெட்டி இருக்கலாமா? இரண்டு மாதத்திலே இருமல் நின்றது, மாத்திரையும் நின்றது. கலியாணம் சிறப்பாக நடந்தது. அடுத்த வருடம் நோய் திரும்பியபோது பேரப்பிள்ளையும் அந்த வீட்டிலே இருந்தது. அவரைத் திரும்ப விழுத்தியது எந்தப் பரம்பரையலகு? ஊர் வாய்தான்.

ஆறு மாத வைத்தியம் என்பது காரணத்தோடு வகுத்தது. முதல் இரண்டு மாதம் ஐசோநயசிட், றிபம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்ற நான்கு மருந்துகள்; அடுத்த நான்கு மாதம் முதலிரண்டு மட்டும். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் இறக்கின்றன. அடங்கிக் கிடப்பவற்றைத் தேடியழிக்கவே எஞ்சிய மாதங்கள். இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அஞ்சாத கிருமியை நாமே வளர்த்துவிடுகிறோம். 1948இல் புதுமைப்பித்தனை நாற்பத்திரண்டு வயதில் இந்நோய் கொண்டுபோனபோது, மேற்சொன்ன நான்கில் ஒன்றேனும் வைத்தியர் கையில் இருக்கவில்லை. இன்று நமது அரசாங்க நிலையங்களில் இவை காசின்றிக் கிடைக்கின்றன. இருந்தும் இலங்கையில் ஆண்டுதோறும் பல ஆயிரம் பேர் புதிதாக நோயாளராகப் பதியப்படுகின்றனர்.

பேச்சு முடிந்ததும் சபையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, அப்படியென்றால் இந்த டி.ஆர்.2ஐ இரத்தத்திலே சோதித்துப் பார்த்துவிட்டுக் கலியாணம் பேசலாமே!" என்றார். சபையிலே சிரிப்பு எழுந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நான் சொன்ன விடை இது. டி.ஆர்.2 தென்னாட்டு மக்களிடையே மிகச் சாதாரணமானது. அதை உடையோரிற் பெரும்பாலோருக்குக் காசநோய் ஒருநாளும் வருவதில்லை. அது இல்லாத நோயாளரும் ஏராளம். ஆகவே அந்தச் சோதனையால் யாருக்கு நோய் வரும் என்று சொல்ல இயலாது. பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக அதைச் சேர்த்தால் சாத்திரியாருக்கு வேலை கூடும், அவ்வளவுதான். சோதிக்க வேண்டியது சளியை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மாலைநேரக் காய்ச்சலும் மெலிவும் இருந்தால், மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம், சோதனைக்குக் காசில்லை. "யாருக்கும் தெரியாமற் போகலாமோ?" என்று அவர் மறுபடியும் கேட்டார். நோயாளியின் விபரத்தை ஊருக்குச் சொல்வது அங்குள்ளோர் வேலையல்ல. ஆனால் வீட்டிலுள்ள எல்லாரையும், சிறு பிள்ளைகள் உட்பட, சோதனைக்கு அழைத்து வரச் சொல்வார்கள் என்றேன். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு அமர்ந்தார்.